ஒன்பது நாள் பெரியப்பா

என் தந்தையாருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரேனும் கேட்டால், "அவரையும் சேர்த்து ஆறு பேர்" என்று சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். அப்பத்தாவிடம் கேட்டால் மட்டும் விடை சற்று வேறாக இருக்கும். "இருக்கிறது ஆறு" என்பார். அந்த 'இருக்கிறது' என்னும் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்பது சிறுவனாக இருந்த எனக்கு எட்டவில்லை.

கல்லறைத் திருநாளன்று மாலை, குடும்பத்தில் இறந்தவர்களுக்காக அப்பத்தா வீட்டில் மெழுகுதிரிகளை ஏற்றி வைப்பது வழக்கம். ஒவ்வொரு திரியையும் ஏற்றும்போது இன்னாருக்கு என்று பெயர் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக ஒரு சிறு திரியை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் வைப்பார். அதற்கு மட்டும் பெயர் சொல்லமாட்டார். 1979இல் அவர் இறந்த பின் அந்தத் திரியை ஏற்றுவாரும் இல்லாமற் போயினர்.

அந்தத் திரியை மறவாதிருந்தவர் என் அத்தை ஒருவரே. ஆறு பேரில் இன்று எஞ்சியிருப்பவரும் அவரே. எண்பத்தேழு வயது, அருப்புக்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவரைப் பார்க்கச் சென்றபோது என்னை அருகில் அழைத்து உட்காரவைத்துக் கொண்டார்.

"ஏய்யா, எங்க எல்லாருக்கும் மூத்தவன் ஒருத்தன் பிறந்து, பச்ச மண்ணாவே போயிட்டான். அவனுக்குச் சாமியார் தண்ணி ஊத்தலையாம். யாரோ ஒரு பொம்பள ஊத்துச்சாம், அது செல்லுமா செல்லாதான்னு எங்க ஐயா வீட்டுப் பக்கம் பேசியிருக்காங்க. அம்மாவுக்குச் சாகுற மட்டும் அந்தக் கவலதான். அவன் பேருகூட எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேருறதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு."

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகைப் பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இது என்னால் முடியும் என்று அத்தை நம்பினார். எனக்கோ எங்கிருந்து தொடங்குவது என்றே விளங்கவில்லை.

பொதுவாக ஒருவருடைய முன்னோரைத் தேடுகிறவர்கள் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. குழந்தையாகவே இறந்தவருக்குப் பிள்ளைகள் இல்லை. நிலப் பட்டா இல்லை, பள்ளிச் சான்று இல்லை, நிழற்படம் இல்லை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ஒரு குழந்தை பின்னாளில் இரமண மகரிஷி ஆனார். அவர் பிறந்த வீட்டை இன்றும் மக்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். அதே கரிசல் மண்ணில் பிறந்து, பெயர் சொல்லி அழைக்கப்படுமுன் மறைந்துபோன குழந்தைகள் எத்தனை என்று யார் சொல்லக்கூடும்? 1951ஆம் ஆண்டளவில்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 146 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. நம் பாட்டிமார் காலத்தில் அநேகமாக வீட்டுக்கு ஒரு குழந்தை இவ்வாறு போயிருக்கிறது. அதனாலேயே அது பேசத்தக்க துயரமாகக் கருதப்படவில்லை போலும்.

முதலில் அரசுப் பதிவுகளைத் தேடினேன். இந்த வட்டாரத்தில் அப்படித் தேடுகிறவர் ஒரு செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1910 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தன. ஊர் ஓரடியும் நகரவில்லை. தாள்கள்தாம் ஊர் மாறின. கிராமத்தில் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதிவந்த கிராம முன்சீப் பதவியும் 1980இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். அந்தக் காலத்து ஏடுகள் இல்லை என்று சொன்னார்கள். ஆண்டும் தெரியாமல், பெயரும் தெரியாமல் கேட்கிறவனுக்கு அவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்?

பிறகுதான் ஆலயப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. என் தாத்தா மதுரையில் பஞ்சாலை வேலைக்குப் போனவர். என் தந்தையாரும் அவருடன் பிறந்தவர்களும் 1933 முதல் மதுரையிலேயே பிறந்து, அங்கேயே திருமுழுக்குப் பெற்றவர்கள். அந்தப் பங்கின் திருமுழுக்கு ஏட்டில் ஆறு பெயர்களும் இருந்தன, ஏழாவது இல்லை. ஆனால் பழைய குடும்பப் பதிவேட்டில், தாத்தா அப்பத்தா பெயர்களுக்கு எதிரே, அவர்கள் 1930இல் மணம் முடித்த பங்கின் பெயர் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அது திருச்சுழிப் பக்கத்துப் பங்கு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தக்க காரணம் இல்லாவிடில் திருமணம் மணமகளின் பங்குத்தந்தை முன்னிலையில் நடைபெற வேண்டும் என்று விதித்திருந்தது. ஆகவே அப்பத்தாவின் பிறந்த ஊர் அந்தப் பங்கைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று.

அப்போதுதான் என் மனத்தில் ஒன்று பளிச்சிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! மற்ற ஆறு பிள்ளைகளும் மதுரையில் பிறந்திருக்கலாம். முதற்பிள்ளை மட்டும் அப்பத்தாவின் தாய்வீட்டில்தான் பிறந்திருக்க வேண்டும். நான் தவறான ஊரில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதக் காற்று வீசிய ஒரு நாளில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பேருந்தில் ஏறினேன். சாலையின் இருபுறமும் உழுதுபோட்ட கரிசலும், அதை விழுங்கிக்கொண்டு வரும் சீமைக் கருவேலமும், இடையிடையே பனைகளும் தென்பட்டன. குண்டாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விதைக்கும் நாடு இது. இங்கே மழை பெய்த ஆண்டுகள் பெயர் சொல்லி நினைக்கப்படுகின்றன. 'ஆற்றில் தண்ணீர் வந்தபோது பிறந்தவன்' என்று தன் அண்ணனைப் பற்றி அத்தை கேள்விப்பட்டிருந்தார். எனவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேடினால் போதும் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

பங்குத்தந்தை இளைஞர், மிகுந்த பொறுமையோடு நான் சொன்னதைக் கேட்டார். இரும்பு அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஓர் ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தாளின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. பதிவுகள் இலத்தீனில் இருந்தன. அது எழுதப்பட்ட காலத்தில் இந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் இருந்தது. மதுரை தனி மறைமாவட்டமானது 1938இல், உயர்மறைமாவட்டமானது 1953இல். நான் தாளைப் புரட்ட, தந்தையவர்கள் விரலை வைத்துப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். 1931, அக்டோபர். விரல் நின்றது.

தாத்தாவின் பெயர், அப்பத்தாவின் பெயர், இடையில் ஓர் ஆண் குழந்தை. இந்தச் சீமையின் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு உயிர் நீத்த அருளானந்தரின் பெயரைத்தான் குழந்தைக்கு இட்டிருந்தார்கள். அப்போது அவர் இன்னும் புனிதராக அறிவிக்கப்படவில்லை. அது நடந்தது 1947இல். மக்களோ அதற்கு வெகு காலம் முன்பே தங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரை வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

திருமுழுக்கு அளித்தவர் என்ற இடத்தில் குருவின் பெயர் இல்லை. 'இன் பெரிக்குலோ மோர்த்திஸ்' என்று எழுதியிருந்தது. சாவின் ஆபத்தில் என்று பொருள் சொன்னார் தந்தை. அதை அடுத்து ஒரு பெண்ணின் பெயர். அதன் பக்கத்தில் 'ஆவியா மாத்தெர்னா' என்று இரு சொற்கள்.

"தாய்வழிப் பாட்டி," என்றார் தந்தை. "குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் உங்கள் அப்பத்தாவின் தாயார், ஐயா."

நான் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 'யாரோ ஒரு பொம்பளை' என்று எங்கள் குடும்பம் தொண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது என் பூட்டியை! அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மதுரை ஏடுகளில் ஞானத்தாய்மாராக இருந்தவர்கள் ஆலைக் குடியிருப்பின் அண்டை வீட்டார். தாய்வீட்டுப் பக்கம் யார் இருந்தார் என்பதற்கு எங்களிடம் எழுத்தில் ஒரு சான்றும் இல்லை. அந்த ஒரே சான்றை ஒன்பது நாள் வாழ்ந்த ஒரு குழந்தை தன் பெயரோடு சேர்த்து வைத்திருந்தது. இயேசுவின் பாட்டியாருக்கு மரபு வழங்கும் பெயர்தான் பூட்டியின் பெயர்.

பெயரை ஏன் இவ்வளவு கவனமாக எழுதினார்கள் என்று கேட்டேன். தந்தை விளக்கினார். திருமுழுக்கு ஏடுகளில் ஞானப் பெற்றோரின் பெயர்களைப் பதிய வேண்டும் என்று 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது. திருமுழுக்கினால் ஞான உறவு உண்டாகிறது. அவ்வுறவு உள்ளவர்கள் தமக்குள் மணம் புரிதல் கூடாது. ஆகவே யாருக்கு யார் உறவு என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, திருமுழுக்கு அளிப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலும் அந்த உறவு ஏற்பட்டது. 1983இல் வெளிவந்த புதிய தொகுப்பில் அந்த மணத்தடை இடம்பெறவில்லை. ஆனால் அன்றைய சட்டத்தின் காரணமாகவே, ஊர்ப்பெயரும் பள்ளி அறிவும் இல்லாத ஒரு கரிசல் காட்டுக் கிழவியின் பெயர் இலத்தீன் ஏட்டில் ஏறியது.

இன்னொன்றையும் தந்தை சொன்னார். ஆபத்து வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். தண்ணீரும், உரிய சொற்களும், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தும் இருந்தால் அது முழுமையான திருமுழுக்கே. விசுவாசிகளுக்கு, சிறப்பாக மருத்துவச்சிகளுக்கு, அதைச் சரியாகச் செய்யும் முறையைக் கற்பிப்பது பங்குத்தந்தையின் கடமை என்று 1917ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. யாரோ ஓர் உபதேசியார் ஏதோ ஒரு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைப் பூட்டி மறவாமல் வைத்திருந்திருக்கிறார். ஆறு குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாளில், குருவானவர் வரமுடியாத நேரத்தில், மடிமேல் கிடந்த பேரனுக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறார்.

இறப்பு ஏட்டையும் பார்த்தோம். 'தியேரும் நோவெம்', ஒன்பது நாள் வயது. ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். இந்த வரியும் அத்தையின் கேள்விக்கு ஒரு விடையாக இருந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறந்தோரைத் திருச்சபையின் முறைப்படி அடக்கம் செய்ய அன்றைய சட்டம் இடந்தரவில்லை. குருவானவர் விசாரித்தறிந்து, பூட்டி செய்தது செல்லும் என்று ஏற்றுக்கொண்டதனாலேயே குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்தது. ஏட்டில் எழுதிய அந்தத் தீர்ப்பை எழுத்தறியாத அப்பத்தாவுக்குப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. புகுந்த வீட்டில் எழுந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்தது. அது அவரோடு நாற்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தது.

நோய் இன்னதென்று ஏடு சொல்லவில்லை. குழந்தை பால் குடிக்க வாய் திறக்காமல், உடல் விறைத்துப் போயிற்று என்று அத்தை கேட்டதுண்டு. கதிரரிவாளாலும் கிடைத்த கத்தியாலும் தொப்புள்கொடி அறுத்த காலம் அது. பிறந்து ஒரு வாரத்துக்குள் பால் மறுத்து விறைப்பது இரண ஜன்னியின் அடையாளம் என்பதை இன்று அறிவோம். தாய்மார்களுக்குப் போடும் தடுப்பூசியாலும் தூய்மையான பேறுகாலப் பராமரிப்பாலும் இந்தியாவில் அந்நோய் பச்சிளங்குழந்தைகளிடையே ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதென்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. தாய்க்கு ஓர் ஊசி போட்டிருந்தால் பெரியப்பா பிழைத்திருக்கக்கூடும். தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவராக இன்று திண்ணையில் இருந்திருப்பாரோ என்னவோ!

பூட்டியின் பெயர் கிடைத்த பிறகு மேலே போவது எளிதாயிற்று. அவருடைய திருமண வரி அதே பங்கின் பழைய ஏட்டில் இருந்தது. அதில் பெற்றோர் பெயருக்குரிய இடத்தில் 'அறியப்படாதவர்' என்று பொருள்படும் சொற்கள். அதற்கும் முந்திய ஏட்டில் அவருடைய திருமுழுக்கு: 1878, வயது ஏறத்தாழ ஐந்து. பெற்றோர் பெயர் அங்கும் இல்லை.

ஆண்டைப் பார்த்ததுமே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், நம் மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வது. நிவாரண வேலை செய்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று 1877இல் அரசு கணக்கிட்ட காலம். இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். வழியில் தனித்து நின்ற பிள்ளைகளைக் கிறிஸ்தவ மறைபரப்பாளர்களும் உபதேசிமார்களும் எடுத்து வளர்த்தனர். பூட்டி அத்தகைய பிள்ளைகளில் ஒருவர் என்று ஏடு கூறவில்லை. நான்தான் அவ்வாறு ஊகிக்கிறேன். தன்னைப் பெற்றவர் யார் என்று அறியாத சிறுமியின் தலையில் யாரோ ஒருவர் தண்ணீர் வார்த்துப் பெயரிட்டார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுமி தன் பேரனின் தலையில் தண்ணீர் வார்த்துப் பெயரிட்டார். எங்கள் வம்ச வரலாறு அதற்கு மேல் செல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் நற்செய்தி நூல்களில் உள்ள இரு மூதாதையர் பட்டியல்களை எண்ணிக்கொண்டே வந்தேன். மத்தேயு ஆபிரகாமில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கி வருகிறார். லூக்காவோ இயேசுவில் தொடங்கி மேலே ஏறிச் செல்கிறார். ஆதாமையும் கடந்து கடவுளிடம் போய் முடிக்கிறார். சந்ததி உள்ளவர்களுக்கு மத்தேயுவின் வழி பொருந்தும். குழந்தையாகவே இறந்தவருக்கு லூக்காவின் வழி ஒன்றுதான் உண்டு. பூட்டியின் பெற்றோர் பெயருக்கு ஏட்டில் வெற்றிடம் இருப்பது குறித்து எனக்கு இருந்த மனக்குறை அப்போது நீங்கிற்று. எந்தப் பட்டியலும் எங்கேனும் ஓரிடத்தில் மனிதரின் பெயர் தீர்ந்து இறைவனிடம்தானே போய்ச் சேர வேண்டும்? எங்கள் பட்டியல் சற்று விரைவில் சேர்ந்துவிட்டது; அவ்வளவுதான்.

நேரே அத்தையின் வீட்டுக்குச் சென்றேன். கைப்பட எழுதிக் கொண்டுவந்திருந்த தாளைப் படித்துக் காட்டினேன். அத்தை இடைமறிக்காமல் கேட்டார். பெயரைச் சொன்னபோது அதைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பூட்டியைப் பற்றிச் சொன்னபோது கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க அம்மாவப் பெத்தவளா ஊத்துனது? அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சுதான இருக்கும்? பின்ன ஏன்ய்யா அப்படிக் கவலப்பட்டா?"

"தெரிந்துதான் இருக்கும், அத்தை. அது செல்லும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை."

அத்தை நெடுநேரம் சன்னல் பக்கம் பார்த்திருந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் குடும்பங்களில் இத்தகைய குழந்தைகள் இருந்திருப்பார்கள். சிலருக்குப் பாட்டி ஒருத்தி தண்ணீர் வார்த்திருப்பார். சிலருக்கு அதற்கும் நேரம் இருந்திராது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் லிம்போ என்னும் இடத்தில் இருப்பர் என்று முற்காலத்தில் போதிக்கப்பட்டது. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று 2007இல் பன்னாட்டு இறையியல் குழு விரிவாக எழுதிற்று. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்துபோன குழந்தைக்கு, ஆயரின் இசைவோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்தவும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இதை அறியாமல் நம் வீடுகளில் வாசற்படியோடு நின்றுபோன துக்கங்கள் எத்தனையோ!

முதியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நலம். தலைப்பிள்ளை எந்த ஊரில் பிறந்தது, அந்த ஆண்டு மழையா வறட்சியா என்ற சிறு குறிப்பும் வழி திறக்கும். பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு நின்றுவிடாமல் ஞானத்தாயின் பெயரையும், திருமுழுக்கு அளித்தவர் பெயரையும், ஓரத்தில் எழுதிய குறிப்பையும் பாருங்கள். எழுத்தில் வராத பெண்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சென்ற கல்லறைத் திருநாளுக்கு முன், திருப்பலிக் கருத்துக்கான சீட்டில் குடும்பத்தில் இறந்தோர் பெயர்களை அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தம் உடன்பிறந்தோர் வரிசை வந்ததும், "மூத்தவன்ல இருந்து எழுது" என்றார். எழுதினேன். மாலையில் அத்தையின் வீட்டில் திரிகளை ஏற்றினோம். கடைசியாக இருந்த சிறு திரியைப் பேத்தி கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று கேட்டாள். அத்தை தம் அண்ணன் பெயரைச் சொல்லி, வரிசையின் தொடக்கத்தைச் சுட்டிக் காட்டினார்.